விமானத்துக்கு வெளியே: கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேரியிலிருந்து வாசித்தல்



ஜெயங்கொண்டத்தில் கூடியிருக்கிறோம். ஊரின் பெயரிலேயே வெற்றி இருக்கிறது. சுற்றிலும் உள்ள பெயர்களைக் கேளுங்கள்: கடாரங்கொண்டான், மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், உட்கோட்டை, மாளிகைமேடு. அரசன் வென்ற நாடு, அவனுடைய காவல்படை, ஆயுதச்சாலை, கோட்டை, மாளிகை என்று ஆயிரம் ஆண்டு கழித்தும் அவன் வீட்டு வரைபடத்தை நம் வாயால் நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த வரிசையில் ஒரு பெயர் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது: சுண்ணாம்புக்குழி. அது வெற்றியின் பெயரில்லை, வேலையின் பெயர். தலைநகரைக் கட்டச் சுண்ணாம்பு குழைத்த இடம் என்று மக்கள் சொல்கிறார்கள். இன்றைய நினைவுரையை அந்தக் குழியிலிருந்து தொடங்க விரும்புகிறோம். விமானத்தின் உச்சியிலிருந்து பேசுவதற்கு வேறு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

முதலில் தெரிந்த செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். முதலாம் ராஜேந்திரன் தன் தந்தை ராஜராஜனுக்குப் பிறகு ஆண்டவன். 1044 வரை ஆட்சியில் இருந்தான். 1023-ஐ ஒட்டி அவனுடைய படை கங்கை வரை போய்த் திரும்பியது. அதன் நினைவாகத் தஞ்சாவூரை விட்டு இங்கே புதுத் தலைநகரை எழுப்பினான். அடுத்த இரண்டரை நூற்றாண்டு, சோழர் ஆட்சி 13-ஆம் நூற்றாண்டில் முடியும்வரை, இதுவே தலைநகரம். இன்று நிற்பது சிவன் கோயில் மட்டும். ஒன்பது நிலை விமானம், ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். தஞ்சைக் கோயிலைவிடச் சற்றுத் தாழ்ந்தது. தஞ்சை விமானம் நேர்கோட்டில் கூம்பிப் போகும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். கருவறையில் நான்கு மீட்டர் அளவுள்ள லிங்கம். 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் தஞ்சைக் கோயிலோடு இதுவும் தாராசுரமும் சேர்க்கப்பட்டன.

சுற்றுலா வழிகாட்டி இங்கே நிறுத்திக்கொள்வார். நாம் நிறுத்த முடியாது.

இந்த மண்ணைப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. தோண்டினால் கிளிஞ்சலும் கடல் உயிர்களின் புதைபடிவமும் வரும். அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்காகத்தான் சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்தன. மேலே செம்மண், முந்திரிக்காடு. கோயிலுக்கு வேண்டிய கருங்கல் மலை பக்கத்தில் எங்கும் கிடையாது. விமானத்தில் உள்ள ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வந்த கல். வெட்டி, ஏற்றி, இழுத்து, இறக்கி, செதுக்கி, மேலே தூக்கி வைத்த கல். தஞ்சைக் கோயிலில் தலைமைத் தச்சனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே அவனுக்குப் பட்டமாகக் கொடுத்தான். கல் இழுத்தவனுக்கு அப்படி ஒரு வரி இல்லை.

கல்லைவிடப் பெரிய வேலை ஏரி. இன்று பொன்னேரி என்கிறோம். அன்று அதன் பெயர் சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு இதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று புகழ்கிறது. தோற்ற அரசர்களின் தலையில் கங்கை நீரைச் சுமக்கவைத்துக் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்கிறது. தலையில் குடம் வைத்த அரசர்களை நாம் அறிவோம்; தலையில் மண்கூடை வைத்தவர்களை அறியமாட்டோம். இந்த ஏரியின் கரை பதினாறு மைல் நீளம் இருந்ததாக 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பதினாறு மைல் கரையை எழுப்ப எத்தனை கூடை மண் வேண்டும்? கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் யாராவது இங்கே இருந்தால் வகுப்பில் போட்டுப் பார்க்கலாம். வெற்றித்தூண் என்று கவிஞன் பாடியது, மண் வெட்டியவனுக்கு ஒரு வெயில்காலம் முழுக்க முதுகுவலி.

இப்படிப்பட்ட ஒரு கோயில் நகரம் எதைத் தின்று நின்றது? இங்கேதான் நாம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேள்விக்கு விடை கல்லிலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனே பொறித்த அடித்தளக் கல்வெட்டு கிடைக்கவில்லை. முந்தைய கொடைகளைச் சொல்லும் நீண்ட கல்வெட்டு அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. ஆனால் தந்தை போட்ட கணக்கு தஞ்சையில் முழுசாக இருக்கிறது. மகன் கட்டியது அதே அச்சில் என்பதால் தஞ்சைக் கல்வெட்டைக் கொண்டு இதன் வயிற்றைப் புரிந்துகொள்ளலாம்.

கணக்கு இப்படிப் போகிறது. ஓர் ஊரைக் கோயிலுக்கு எழுதிவைக்கிறான் அரசன். முதலில் ஊரின் மொத்தப் பரப்பை அளக்கிறார்கள், வேலியின் நுண்ணிய பின்னம் வரை. அதிலிருந்து வரி வராத நிலத்தைக் கழிக்கிறார்கள்: ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. மிஞ்சியது வரி கட்டும் நிலம். அதற்கு வேலிக்கு ஏறத்தாழ நூறு கலம் நெல். இந்த நெல் கோயிலின் பண்டாரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலால் அளந்து. ஆடும் இறைவனின் பெயர் அளக்கும் பாத்திரத்துக்கு! அந்த மரக்காலில் குறைவாக அளப்பது வரி ஏய்ப்பு மட்டுமில்லை, தெய்வ நிந்தனையும் ஆகிவிடும். விளக்கு எரிப்பதற்கும் இதே திட்டம்தான். ஒரு விளக்குக்கு 96 ஆடுகளை இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர்கள் தினமும் ஓர் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். ஆடு செத்தாலும் கணக்கில் சாகாது. நெய் கொடுக்கும் கடமையும் அப்படியே தலைமுறை தாண்டும். தஞ்சைக் கோயிலில் ஆடுவதற்கென்று 400 பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தியதும் அதே சுவரில் எழுதியிருக்கிறது. ஆள், ஆடு, நெல், நிலம் எல்லாம் ஒரே கையெழுத்தில் வருகின்றன.

அந்தக் கழித்தல் கணக்குக்குத் திரும்புவோம். நம் வரலாறு அந்தக் கழிவில்தான் இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் பதிப்பித்த இந்தக் கல்வெட்டுகளில் பறைச்சேரியோடு ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. சில ஊர்களில் சுடுகாடும் தனித்தனி. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசனின் ஆவணத்தில், தீண்டாமை ஓர் இடப்பெயராக நிற்கிறது. தீண்டாமையை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்பவர்களுக்கும், விஜயநகர நாயக்கர் காலத்தில்தான் வந்தது என்று சொல்பவர்களுக்கும் இந்த ஒரு சொல் போதும்.

ஆனால் நம் தரப்பிலும் அவசரம் கூடாது. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று: பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக வருகின்றன. இரண்டும் ஒன்றென்றால் இரண்டு பெயர் எதற்கு? அன்றைக்குப் பறையர் என்ற குழு முழுவதும் தீண்டத்தகாதவராக ஆக்கப்பட்டிருக்கவில்லையா, வேறொரு குழுவுக்கு அந்தப் பெயர் இருந்ததா என்ற கேள்வி திறந்திருக்கிறது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இந்தச் சொற்களை ஊர் ஊராகத் தொகுத்துப் பார்த்தவர். அந்த வேலையை நம் மாணவர்கள் தமிழ்ச் சமூகத்தின் உள்ளிருந்து தொடர வேண்டும். தீண்டாமை ஆதியிலிருந்தே இப்படியே இருந்தது என்று நாமே சொல்லிவிட்டால், அது எப்போது, யாரால், எந்த நில உறவால் கட்டப்பட்டது என்ற கேள்வியை இழந்துவிடுவோம். கட்டப்பட்டது என்றால்தான் இடிக்கவும் முடியும்.

இரண்டாவது: இறையிலி என்றால் வரிவிலக்கு. சேரிக்கு வரி இல்லை என்று சோழன் சலுகை கொடுத்தான், பாருங்கள் அவனுடைய சமத்துவத்தை என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் கூடத்தான் வரி இல்லை. விளையாத நிலத்துக்கு வரி போட எந்த அரசனாலும் முடியாது. சேரி அந்த வரிசையில் வருகிறது என்பதன் பொருள், அங்கே குடிசை இருந்தது, பயிர் செய்யத் தனக்கென்று நிலம் இல்லை என்பதுதான். அந்தக் குடிசை மண்கூட உறுதியாக அவர்களுடையதாக இருக்கவில்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், பறையர்கள் குடியிருக்கும் மனைமீதே மிராசுதார்கள் உரிமை கொண்டாடுவதையும், எதிர்த்தால் வீட்டைவிட்டு விரட்டுவதையும் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்ததுதான் நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் ஒதுக்கீடு. சோழர் கல்வெட்டின் கழிவுக் கணக்கிலிருந்து அந்த அரசாணை வரைக்கும் ஒன்பது நூற்றாண்டு நடக்க வேண்டியிருந்தது.

இந்தப் பேச்சுக்கு இங்கே விலை உண்டு என்பதும் நமக்குத் தெரியும். 2019 ஜூனில் திருப்பனந்தாளில், இங்கிருந்து அணைக்கரையைத் தாண்டினால் வரும் ஊரில், ராஜராஜன் காலத்தில் தலித் மக்களின் நிலம் பறிக்கப்பட்டது என்று இயக்குநர் பா. இரஞ்சித் பேசியதற்கு வழக்குப் பதிவானது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்த அரசனைப் பற்றிய ஒரு வாக்கியத்துக்கு முன்ஜாமீன் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பொற்காலம் என்றால் விழா, இருண்ட காலம் என்றால் வழக்கு. எங்களைக் கேட்டால் இரண்டு சொல்லுமே வேலைக்கு உதவாதவை. காலத்துக்கு நிறம் பூசுவதைவிட நிலத்துக்குக் கணக்குக் கேட்பது பயனுள்ளது.

அரண்மனையையும் கோயிலையும் தாண்டித் தோண்ட முடியுமா, சாதாரண ஆளின் வரலாறு மண்ணுக்குள் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிற மாணவர்களுக்காக ஒரு தூர தேசத்து நகரத்தைக் காட்டுகிறோம். மெக்சிகோவில், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் தியோதிவாகான் என்றொரு பாழ்நகரம் இருக்கிறது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் செழித்தது. உச்சத்தில் ஒரு லட்சம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். சூரியப் பிரமிடு என்று இப்போது அழைக்கப்படும் மேட்டின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர், அடித்தளம் பக்கத்துக்கு இருநூறு மீட்டருக்கும் மேல். நம் விமானத்தைவிடச் சற்றே உயரம், ஆனால் அகலத்தில் ஒப்பிடவே முடியாது. வழிபாட்டு மையம், நேரான பெருவீதி, பிரமிடுக்கு அடியில் 1971-இல் கண்டுபிடிக்கப்பட்ட குகைச் சுரங்கம் எல்லாம் உண்டு. அந்தக் குகை இயற்கையானது என்று முதலில் நினைத்தார்கள். மனிதர் தோண்டியது என்று பிறகு தெரிந்தது. அந்த நகரத்துக் குகைகள் பல, கட்டுமானத்துக்காக எரிமலைக் கல்லைத் தோண்டி எடுத்த பள்ளங்கள் என்று லிண்டா மன்சனீயா என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். வேலைக்குழி பிறகு புனிதக் குகை ஆனது. நம் சுண்ணாம்புக்குழிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

அந்த நகரத்தைக் கட்டிய அரசன் ஒருவனின் பெயர்கூட உறுதியாகத் தெரியாது. நகரத்தின் பழைய பெயரும் தெரியாது. தியோதிவாகான் என்பது பல நூற்றாண்டு கழித்து வந்த ஆஸ்டெக் மக்கள் இட்ட பெயர். அரசனின் பெயர் இல்லாததாலோ என்னவோ, ஆய்வாளர்கள் மக்களைத் தேடிப் போனார்கள். 1960-களில் ரெனே மில்லன் தலைமையில் நகரம் முழுவதையும் அடி அடியாக நடந்து வரைபடம் எடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் கூட்டுக் குடியிருப்புகள் வெளிப்பட்டன. அவற்றில் சிலவற்றைத் தோண்டினார்கள். த்லாஹிங்கா என்ற கைவினைஞர் பகுதியில் கிடைத்த எலும்புகளை ரெபேக்கா ஸ்டோரி ஆராய்ந்தார். பிஞ்சிலேயே இறந்த குழந்தைகள், வளரும் வயதில் ஊட்டமின்றித் தேய்ந்த எலும்புகள். பிரமிடின் நிழலில் யார் பசியோடு இருந்தார்கள் என்பதற்கு அங்கே சான்று இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது: 6-ஆம் நூற்றாண்டில் நகரம் எரிந்தபோது, எரிந்தவை பெரும்பாலும் பெருவீதியில் இருந்த கோயில்களும் மேட்டுக்குடி மாளிகைகளும்தான். உள்ளிருந்து எழுந்த கலகமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்தச் சமூகத்தை நாம் போற்றிப் பாடவில்லை. இறகுப்பாம்புப் பிரமிடின் அடியில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பலியிட்டுப் புதைத்தவர்கள் அவர்கள். மக்களின் வீட்டைத் தோண்டினால் மக்களின் வரலாறு கிடைக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

ஓவியத்தையும் சேர்த்துப் பாருங்கள். தியோதிவாகானில் சுவரோவியங்கள் கோயிலில் மட்டும் இல்லை, குடியிருப்புகளின் சுவரிலும் இருக்கின்றன. தஞ்சையில் சோழர் ஓவியம் எங்கே இருக்கிறது? கருவறையைச் சுற்றிய குகை போன்ற இருட்டு நடையில், அதுவும் பிற்கால நாயக்கர் ஓவியத்துக்கு அடியில். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும்வரை அது உலகுக்குத் தெரியாது. எழுதிய கை எந்தச் சாதியின் கை என்று தெரியாது. ஆனால் 1939-இலும் 1947-இலும் ஆலய நுழைவுச் சட்டம் போட வேண்டியிருந்த நாட்டில், அந்த நடைக்குள் போக முடியாத சாதிகள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் கோயில் நமக்கு எதிரியா? இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 1836-இல் ஆர்தர் காட்டன் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள், நாம் பஸ்ஸில் கடந்து போகும் அணைக்கரைதான். கல் வேண்டியிருந்தது. பக்கத்தில் மலை இல்லை, கோயில் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தின் சுற்றுமதிலை ஏறக்குறைய முழுவதும் பெயர்த்து, சிற்பங்களையும் சேர்த்து எடுத்துப் போனார்கள். 1855-இல் வெளியான குறிப்பு ஒன்று இதைப் பதிவு செய்திருக்கிறது. அதில் உள்ள ஒரு செய்தியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: இடிப்பைத் தடுக்கத் தங்களால் ஆனமட்டும் முயன்றவர்கள் ஏழை மக்கள். தடுக்க முடியவில்லை, தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை.

அந்த ஏழைகள் என்ன சாதி என்று குறிப்பு சொல்லவில்லை. நாமும் ஊகித்துச் சொந்தம் கொண்டாட வேண்டாம். ஆனால் அரசனின் வாரிசுகள், ஜமீன், மிராசு, மடம் என்று எத்தனையோ பேர் இருந்த வட்டாரத்தில், சர்க்காரின் ஆட்கள் முன்னால் நின்று தண்டனை வாங்கியவர்களாக அந்தக் குறிப்பு சொல்வது இல்லாதவர்களை. கோயில் அவர்களுடைய உழைப்பின் மிச்சம் என்ற நினைவு எங்கோ இருந்திருக்கலாம், பக்தியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுலபம். நாங்கள் அதில் அவசரப்பட மாட்டோம். கோயில் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதோடு நமக்குச் சண்டை உண்டு, கல்லோடு இல்லை.

இப்போது நிலைமை என்ன? ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை அரசு விழா ஆகிவிட்டது. 2025 ஜூலையில் பிரதமரே வந்து நினைவு நாணயம் வெளியிட்டார். மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் தோண்டியது, 2021-இல் மறுபடியும் தோண்டத் தொடங்கியது. அரண்மனையின் செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. குழிக்குள் இறங்கி மண் அள்ளுகிறவர்கள் சுற்று ஊர்களின் தினக்கூலி ஆண்களும் பெண்களும்தான். அவர்களும் கொஞ்சம் தொல்லியல் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நம் கேள்வி குழி எங்கே போடப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. தோண்டும் இடத்தின் பெயரே மாளிகைமேடு. இரண்டரை நூற்றாண்டு தலைநகரமாக இருந்த ஊரில் சீனப் பீங்கானில் சாப்பிட்டவன் கிடைத்துவிட்டான். மண்சட்டியில் கூழ் குடித்தவனின் அடுப்பு எங்கே? கம்மாணச்சேரியின் உலைக்கசடு எங்கே? சுண்ணாம்பு குழைத்தவனின் குடிசை எங்கே? மண்சட்டிக்கும் சாம்பலுக்கும் தானியத்துக்கும் எலும்புக்கும் இன்று நல்ல ஆய்வு முறைகள் இருக்கின்றன. தலைநகரத்தின் சேரிகளைத் தேடி ஒரு பருவ அகழாய்வு நடத்துங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. இந்த அரங்கின் சார்பில் அதைத் தொல்லியல் துறைக்கு எழுத்தில் கொடுக்கலாம்.

அவர்கள் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. அகழாய்வுக்கு அனுமதி வேண்டும், நடப்பதற்கு வேண்டாம். ரெனே மில்லனின் ஆட்கள் முதலில் செய்ததும் நடந்ததுதான். உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி ஆகிய ஊர்களின் நில அளவைப் படத்தையும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நத்தம் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது, இடையில் வாய்க்காலா வயலா பாதையா, சுடுகாடு எத்தனை, வயல்களுக்கும் மேடுகளுக்கும் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று ஊருக்கு ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். பிறகு அதைத் தஞ்சைக் கல்வெட்டின் கழித்தல் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஜெயங்கொண்டம் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் இருந்தால் இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். முதல் ஊராகச் சுண்ணாம்புக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள்.